பார்வையிட்ட பிறகே அடைக்கவும்

கோழி வளர்ப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோழி தின்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதில் பாதிப் பேர் நாம்தான். இருட்டில் மதில்மேல் நடந்துவந்து கோழியைத் தூக்கிப்போகிற மரநாயை மட்டும் பார்த்திருக்க மாட்டீர்கள். அது யாருக்கும் முகம் காட்டாத பிராணி. இந்த மூன்றிலும் சேராத நான்காவது இனம் ஒன்று இருக்கிறது. அது வளர்க்காது. தின்னாது. தூக்கவும் தூக்காது. ஆனால் எந்தக் கூட்டின் வாசலில் நாலு இறகு சிதறிக் கிடந்தாலும் பத்து நிமிடத்துக்குள் அங்கே வந்து நிற்கும். கோழிக்காவல் ஆலோசகர் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம்.

அடையாளம் காண்பது எளிது. மரநாய் இருட்டிய பின் வரும், இது விடிந்த பின் வரும். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் கோத்திருக்கும். கோழியைப் பறிகொடுத்தவள் அழுதுகொண்டிருந்தால் அவள் முகத்தைப் பார்க்காது, தரையைப் பார்க்கும். பிறகு கூட்டை இடமாக ஒரு சுற்று, வலமாக ஒரு சுற்று சுற்றி, பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள சந்தில் தன் நாலு விரலை நுழைத்து, நுழைத்த விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, கூடியிருப்பவர்கள் எல்லோரும் பார்த்தாயிற்றா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்து, "இதாக்கும் வழி" என்று சொல்லும். அப்புறம் அந்த இனத்துக்கே உரிய கூவல்: "நான் அன்னிக்கே சொன்னேன்."

சொன்னதா? யாருக்கு ஞாபகம்? கோழி போன வீட்டில் அதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்?

தாழ்ப்பாளைக் கண்டால் இந்த இனத்துக்குக் கை சும்மா இராது. ஆட்டும், இழுக்கும், தூக்கித் தூக்கிப் போடும், "இது போதாது" என்று தலையசைத்துவிட்டு நடையைக் கட்டும். போகும்போது தாழ்ப்பாளைத் திரும்பப் போட்டதா என்பதைப் பின்னால் வருகிறவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் முதல் தரமான மாதிரி ஒன்று இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டுவாக்கில் திருவனந்தபுரத்தில், கரமனை ஆற்றைப் பார்த்துச் சரிகிற ஓர் இடைவழியில் வாழ்ந்தது. பெயர் சேஷன். மலையாளிகளுக்கும் மற்றத் தமிழர்களுக்கும் சாமி.

கேரளத்தில் சர்க்கார் உத்தியோகஸ்தர்களை ஐம்பத்தைந்து வயதில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். யோசித்துப் பாருங்கள், இது எவ்வளவு ஆபத்தான ஏற்பாடு. பல் விழவில்லை, முட்டு தேயவில்லை, பிறர் வேலையில் குறை கண்டுபிடிக்கிற திறமை முப்பத்திரண்டு வருஷம் ஊறி அப்போதுதான் நல்ல பதத்துக்கு வந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து மனுஷனைக் கொண்டுபோய் ஒரு பிரம்பு நாற்காலியில் உட்கார்த்தி வைத்தால் அவர் என்ன செய்வார்? முதல் மாதம் சேஷன் தன் வீட்டைப் பரிசோதித்தார். மனைவி சுப்புலக்ஷ்மி சாம்பாருக்குப் புளி கரைப்பதில் நடைமுறைக் கோளாறு இருப்பதாகக் கண்டார். அன்று மத்தியானம் அவருக்குச் சாம்பார் கிடைக்கவில்லை. இரண்டாம் மாதம் அவர் பார்வை மதிலைத் தாண்டியது.

மதிலுக்கு அப்பால் சரசம்மாவின் கோழிக்கூடு. ஒருநாள் காலை சேஷன் பூஜைக்கு நந்தியாவட்டை பறித்துக்கொண்டிருந்தபோது அங்கே இரண்டு கோழி போய்விட்டிருந்தது. எட்டிப் பார்த்தார். ஒன்றிரண்டு கேள்வி கேட்டார். "கீரி இல்லை, கீரி பகல்லதான் வரும். இது மரநாய். ஒங்க பாஷையில மரப்பட்டி" என்றார். துக்கத்தில் இருந்த சரசம்மா, சும்மா ஒரு மரியாதைக்கு, "சாமிக்கு இதெல்லாம்கூட அறியுமா" என்று கேட்டுவிட்டாள்.

அந்த ஒரு கேள்விதான். மனுஷன் போயே போனார்.

சேஷன் வீட்டில் முட்டை நுழைந்ததில்லை. பேக்கரியில் பிஸ்கோத்து வாங்கினால்கூட அதில் அது சேர்ந்திருக்கிறதா என்று கடைக்காரனிடம் இரண்டு தடவை கேட்கிறவர். அப்படிப்பட்டவர் ஆரியசாலைக்குப் போய், கம்பிவலைக் கடையில் ஒரு மணி நேரம் நின்று, ஒவ்வொரு வலையின் கண்ணிலும் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "சன்னலுக்கா சாமி, கொசு வராம இருக்கவா?" என்று கேட்டார் கடைக்கார அண்ணாச்சி. "கோழிக்கூட்டுக்கு" என்றார் சேஷன். அண்ணாச்சி அவர் நெற்றி விபூதியைப் பார்த்தார். பூணூலைப் பார்த்தார். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் வலையைச் சுருட்டிக் கட்டிக் கொடுத்தார்.

வீட்டில் இதற்கு ஒரு விலை இருந்தது. "ஏன்னா, கூட்டைத் தொட்டுட்டு அப்படியே உள்ள வரப்படாது, கேட்டேளா. கொல்லை வழியா வந்து, கிணத்தடியில ரெண்டு வாளி தலையில விட்டுண்டு வாங்கோ" என்று சுப்புலக்ஷ்மி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் தினமும் சாயங்காலம் சேஷன் பரிசோதனை முடித்துத் திரும்புகிற வரைக்கும் அந்த வீட்டுக் கொல்லைக் கதவு அவருக்காகத் திறந்தே கிடக்கும். இந்தக் கதவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்மதிலை ஒட்டி இரண்டு அறை வீட்டில் வாடகைக்கு இருந்தவள் பேச்சி, களக்காட்டுப் பக்கத்துக்காரி. கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டலில் காலை வேலை. அவள் புருஷன் உச்சிமாகாளி கொத்துவேலைக்காரன். முந்தின வருஷம் கழக்கூட்டத்தில் ஏதோ கம்ப்யூட்டர்க் கட்டடத்தில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஐந்து மாதம் படுக்கையில் கிடந்தான். எழுந்து நடந்தால் ஊர்ச் சுடலைமாடனுக்கு என் கையால் வளர்த்த செஞ்சேவல் ஒன்று தருகிறேன் என்று பேச்சி நேர்ந்துகொண்டாள். நடந்துவிட்டான், சற்றுச் சாய்ந்தாற்போல. சேவலும் வளர்ந்துவிட்டது, சற்றும் சாயாமல். நேர்ந்துவிட்ட சேவலுக்குப் பதிலாகச் சந்தையில் ஒன்றை வாங்கி நீட்டுவது என்ற பேச்சே கிடையாது. மாடன் கோயில் கொடைவிழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். பக்கத்திலேயே சரசம்மா வீட்டில் மரநாய் வந்துபோயிருக்கிறது. பேச்சிக்குச் சோறு இறங்குமா?

"சாமி, அந்தச் சாவலு மட்டும் தப்பிச்சிரணும். பெட்டைக போனாக்கூட மனசைத் தேத்திக்கிடுவேன்" என்றாள்.

"நான் இருக்கேன்" என்றார் சேஷன்.

சுடலைமாடனிடம் போய்ச் சேருகிற சேவல் கடைசியில் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். அது வேறு இலாகா. பன்னிரண்டாம் நாள் வரைக்கும் அதன் உயிருக்கு அவர் பொறுப்பு.

அன்று முதல் மாலை ஆறரைக்கு மூன்று கட்டை டார்ச்சோடு அவர் வருவார். கூட்டுக்குள் வெளிச்சம் அடித்து, ஒவ்வொரு கோழியின் முகத்திலும் நிறுத்தி, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுவார். ஐந்து பெட்டை, ஒரு சேவல். பெட்டைகள் கண்ணை மூடிக்கொள்ளும். சேவல் மூடாது, சர்வீஸில் பல மேலதிகாரிகளைப் பார்த்ததுபோல அவரையே வெறித்துப் பார்க்கும். மூன்றாம் நாள் அவர் வருவதற்குள் பேச்சி கூட்டை அடைத்துவிட்டாள். அடைத்த கூட்டுக்குள் சேவல் இருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்? திறக்கச் சொன்னார். திறந்ததும் ஆறும் வெளியே பாய்ந்து, ஒன்று கிணற்றடிக்கு, ஒன்று சரசம்மா வீட்டுக்கு என்று ஆளுக்கொரு திசையில் போய், உச்சிமாகாளி சாய்ந்த இடுப்போடு துரத்திப் பிடித்துக்கொண்டுவர எட்டு மணி ஆயிற்று.

மறுநாள் கூட்டின் கதவில், மழை படாதபடி பாலிதீன் உறைக்குள், சேஷன் கையெழுத்தில் ஒரு தாள் தொங்கியது. மொத்தம் ஏழு விதி. மூன்றாவதைத் தவிர மற்றவற்றை நாம் மறந்துவிடலாம், மரநாயும் மறந்துவிட்டது. பேச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் ஏழையும் நின்றபடியே வாசித்துக் காட்டி, "புரிஞ்சுதா?" என்று கேட்டார். "புரிஞ்சிட்டு சாமி" என்றாள்.

எட்டாம் நாள் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் கூட்டம். சாக்கடை, தெருவிளக்கு, அடுத்த ஓணத்துக்கு யார் பூக்களம் போடுவது என்று எல்லாம் முடிந்து செக்ரட்டரி பையை எடுத்துக்கொண்ட தருணத்தில், 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பில் சேஷன் எழுந்தார். வளர்ப்புப் பறவைகளின் இராக்காலப் பாதுகாப்பு பற்றி நாலு வார்த்தை. ஆறு மணிக்கு எழுந்தவர் ஆறரைக்கு மரநாயின் குணத்தில் இருந்தார். ஏழுக்கு வலையின் கண்ணளவில் இருந்தார். ஏழு மணிக்கு லோட் ஷெட்டிங், கரண்ட் போயிற்று, அந்த அரை மணி நேர இருட்டில் பாதிப் பேர் ஓசைப்படாமல் எழுந்து போய்விட்டார்கள், அது தெரியாமல் காலி நாற்காலிகளைப் பார்த்து, "பாதுகாப்புன்னா என்ன? சமயத்துக்குக் கதவை அடைக்கறது. ஒரு நிமிஷத் தாமதம் போரும், எல்லாம் போயிடும்" என்று குரலை உயர்த்திச் சொன்னார். மேஜையைத் தட்டவும் தட்டினார்.

அந்த நிமிடத்தில் பேச்சி திறந்த கூட்டின் முன்னால் குந்தியிருந்தாள். ஆறே காலிலிருந்து அப்படித்தான் இருந்தாள். உள்ளே பெட்டைகள் ஒண்டிவிட்டன. சேவல் மட்டும், டார்ச் இன்னும் வரவில்லையே என்று நினைத்ததோ என்னவோ, கூட்டின் தகரக் கூரைமேல் நின்றது. ஊரே இருட்டு. அடுப்பில் சோறு பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. "ஏட்டி, சோத்தைப் பாரு" என்று உச்சிமாகாளி உள்ளேயிருந்து கத்தினான். பேச்சி எழுந்து போனாள். வடிக்க இரண்டு நிமிடம், சிம்னி விளக்கை ஏற்ற ஒரு நிமிடம்.

திரும்பி வந்தபோது கூட்டுக்குள் மூன்று பெட்டை இருந்தது. ஒன்று வாசலில் கழுத்து முறிந்து கிடந்தது. ஒன்றைக் காணோம். தகரத்தின்மேல் ஒரு சிவப்பு இறகு.

சேஷன் எட்டு மணிக்கு, மாலை போடாத குறையாகத் திரும்பிவந்தார். பேச்சியும் உச்சிமாகாளியும் விளக்கோடு மதில் ஓரத்தைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று விஷயத்தைக் கேட்டார். கேட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "யாரும் நடமாடப்படாது."

"சாமி, சாவலைத் தேடிக்கிட்டு இருக்கோம்" என்றான் உச்சிமாகாளி.

"தடயத்தை மிதிச்சுடாதே. எல்லாம் வெளிச்சம் வந்தப்புறம். காலம்பற ஆறு மணிக்கு நான் வரேன்."

கூட்டைத் தொடவில்லை, ஆகவே குளிக்க வேண்டியதில்லை என்று முன்வாசல் வழியாகவே உள்ளே போய், ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் படுத்தார். மரநாயைப் பற்றி இவ்வளவு தெரிந்த மனுஷன் ஆயுசில் ஒருநாளும் ஒன்பதரைக்குமேல் விழித்திருந்ததில்லை. சுப்புலக்ஷ்மி ஒன்பது மணிக்கு, "இவர் ஒருநாளாவது சொல்லிட்டு வரப்படாதோ" என்று முனகிக்கொண்டே கொல்லைக் கதவைச் சாத்தினாள்.

பேச்சி படுக்கவில்லை. செத்த பெட்டையை ஒரு சாக்கில் சுருட்டி வைத்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து நாலரை மணிக்காகக் காத்திருந்தாள். நாலரைக்குச் செஞ்சேவல் கூவும். எங்கே ஒளிந்திருந்தாலும் கூவிவிடும். நாலரை வந்தது. சரசம்மா வீட்டுச் சேவல் கூவியது. ஆற்றுக்கு அக்கரையில் ஒன்று கூவியது. வேறு ஒன்றும் கூவவில்லை. "நடந்துட்டாருன்னுதானே நேந்தேன். இனி அவரு இடுப்புக்கு என்ன வருமோ" என்று யாரிடமோ சொன்னாள். உள்ளே உச்சிமாகாளி தூங்குகிற மாதிரி புரண்டு படுத்தான்.

ஆறு மணிக்கு சேஷன் வந்தார். கைகள் பின்னால். இடமாக ஒரு சுற்று. வலமாக ஒரு சுற்று. வலையைச் சோதித்தார்: கிழியவில்லை. பலகை: பெயரவில்லை. தாழ்ப்பாள்: பழுதில்லை, தூக்கித் தூக்கிப் போட்டுப் பார்த்தார். சரசம்மா மதில்மேல் மோவாயை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தில் ஒரு நிறைவு பரவியது. அவருடைய ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் குறை வேறு எங்கோ இருக்கிறது.

"கதவு திறந்திருந்திருக்கு" என்றார்.

"ஆமா சாமி."

"ஏழேகால் மணிக்கு, கும்மிருட்டில, கூட்டைத் திறந்துபோட்டுட்டு உள்ள போயிருக்கே. இதுக்கு என்ன சமாதானம்? இதைத்தான் நேத்திக்குக் கூட்டத்தில நான் அத்தனை பேர் முன்னால சொன்னேன்."

பேச்சி கதவில் தொங்கிய தாளைக் காட்டினாள். "எனக்கு எழுத்துத் தெரியாது சாமி. மூணாவதா ஒண்ணு சொன்னியளே, அதை மட்டும் இன்னொரு தடவை வாசியுங்க."

சேஷன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தன் கையெழுத்தைக் கண்டதும் குரலில் தானாகவே ஆபீஸ் வந்துவிட்டது. "மூன்று. எக்காரணம் கொண்டும், பரிசோதகர் நேரில் வந்து பார்வையிட்ட பிறகே கூட்டின் கதவை…"

அங்கே குரல் கொஞ்சம் இறங்கியது.

"வாசியுங்க சாமி. கேக்கலை."

"…அடைக்கவும்" என்றார் சேஷன், ஏறக்குறைய தன் சட்டைப்பையிடம்.

உச்சிமாகாளி இடுப்பில் கையை வைத்தபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தான். சேஷன் தொண்டையைச் செருமினார். "விதின்னா அதை அறிவோட…" என்று ஆரம்பித்தார். அந்தச் சமயத்தில்தான் அவர் வீட்டுப் பின்கட்டிலிருந்து சுப்புலக்ஷ்மியின் குரல் வந்தது.

இங்கே ஒரு விளக்கம் வேண்டியிருக்கிறது. அந்த வீட்டுப் பின்கட்டில், ஓட்டுக்கு ஒரு முழம் கீழே, நீளமான மூங்கில் ஒன்று குறுக்கே தொங்கும். அது மடிக்கொடி. சுப்புலக்ஷ்மி குளித்தபின் உடுத்துகிற ஒன்பது கஜப் புடவை அதில் உலரும். அதை ஏற்றவும் இறக்கவும் ஒரு நீண்ட கோல். மனுஷர் கை எட்டாது, பூனை எட்டாது, புருஷன் கையும் எட்டாது. முப்பது வருஷமாக ஒரு தாளும் ஒட்டாமல், ஒரு விதியும் எழுதாமல், ஒரு டார்ச்சும் அடிக்காமல் எதுவும் தீண்டாதபடி அவள் காத்துவந்த இடம் அது. அன்று குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து கோலைத் தூக்கியவள், தூக்கியபடியே நின்றாள்.

"ஏன்னா" என்றாள், நிதானமாக. "இங்க கொஞ்சம் வாங்கோ. நீங்க தேடறவர் கொடியில உக்காந்துண்டிருக்கார்."

சேவல் மூங்கிலின் நட்ட நடுவில் உட்கார்ந்திருந்தது. இருட்டில் உயிர் தப்பி ஓடியபோது திறந்து கிடந்தது ஒரே ஒரு கதவு. உள்ளே வந்து, இருப்பதிலேயே உயரமாக, எதுவும் எட்டாததாக ஓரிடம் பார்த்து ஏறிவிட்டது. மூடிய அறையில் அதற்கு விடிந்ததே தெரியவில்லை. ராத்திரி முழுக்க இருந்ததற்கான அடையாளங்கள் ஒன்பது கஜத்திலும் சீராக இருந்தன. சேஷனைக் கண்டதும் வழக்கம்போல வெறித்துப் பார்த்தது. அப்புறம் கழுத்தை நீட்டிக் கூவியது.

மதிலுக்கு அந்தப் பக்கம் பேச்சி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுவதைச் சேஷன் அன்றுதான் முதல்முறையாக நேராகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

சேவலைக் கையில் வாங்கிக்கொண்ட பேச்சி, சுப்புலக்ஷ்மியிடம், "பொடவையைப் பாழாக்கிட்டேம்மா" என்றாள்.

"ஒன் சேவல் பேர்ல தப்பில்லை. அதுக்கு இருந்த வெவரம் இங்க ஒருத்தருக்கும் இல்லை" என்று சொல்லிவிட்டு, சுப்புலக்ஷ்மி புடவையைக் கோல் நுனியில் மாட்டிக்கொண்டு மறுபடியும் கிணற்றடிக்குப் போனாள். போகிற போக்கில், "நீங்களும் ரெண்டு வாளி விட்டுக்கோங்கோ. விசாரணை கழிஞ்சாச்சோல்லியோ" என்றாள்.

பேச்சி சேஷனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "சாமி, கோவிச்சுக்கிடக் கூடாது. கொடை முடியுத வரைக்கும் நீங்க பாக்க வரண்டாம்." அடுத்த மூன்று ராத்திரியும் சேவல் அவள் கட்டிலுக்கடியில், கவிழ்த்த கூடைக்குள், கூடைமேல் ஓர் அம்மிக் குழவியோடு படுத்திருந்தது. நாலாம் நாள் விடியற்காலை ஒரு பையிலிருந்து தலையை மட்டும் நீட்டியபடி பஸ் ஏறியது. உச்சிமாகாளி பையைப் பிடித்துக்கொண்டான். பஸ் ஸ்டாண்டுக்குச் சேஷனும் வந்திருந்தார். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் சேவலுக்குக் காற்று படும் என்று சொல்ல.

திருந்தினாரா? என்ன கேள்வி இது? அடுத்த மாதக் கூட்டத்தில், 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பில், கூடு என்பதே தவறான கருத்து என்றும், பறவைக்கு வேண்டியது உயரத்தில் தொங்கும் ஒரு மூங்கில் என்றும், இது தம் சொந்த வீட்டிலேயே சோதித்து வெற்றி கண்ட முறை என்றும் முக்கால் மணி நேரம் பேசினார். முடிக்கும்போது, "நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார். பிறகு சரசம்மாவின் மிச்சக் கோழிகளை மூங்கிலில் ஏற்றிப் பழக்கப் போனார். அதில் நடந்தவற்றை எழுத எனக்கு மனசில்லை. சரசம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

சரி, இவ்வளவு தூரம் பொறுமையாகப் படித்த உங்களிடம் ஒரு விஷயம் கேட்கலாமா? மூன்றாவது விதி என்ன என்று தெரியும் முன்பே, ஆறரைக்கு அவளே அடைத்திருக்கலாமே என்று நினைத்தீர்கள், இல்லையா? பரவாயில்லை, அது யாருக்கும் தோன்றும். பேச்சி சோறு வடிக்க எழுந்தபோது, அந்தக் கதவில் ஒரு ஸ்பிரிங் வைத்திருந்தால் தானே மூடிக்கொண்டிருக்கும் என்று? கூடைமேல் அம்மிக் குழவி போதாது, உருண்டுவிடும், செங்கல்தான் நல்லது என்று? அடுத்த வீட்டில் கோழி போனால் சொல்லலாமே என்று அதை மனசின் ஒரு மூலையில் எடுத்து வைத்துக்கொண்டீர்களா?

புத்தகத்தைப் பிடித்திருக்கிற வரைக்கும் உங்கள் கைகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடக்கும்போது, அவை இரண்டும் மெல்ல முதுகுக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொள்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.